பதினொன்றேகால் அங்குலக் காலர்

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அந்த நான்கு மாடிக் குடியிருப்பில், இரண்டாம் மாடி ஆக்னஸ் வீட்டுக் கதவு காலை ஆறே முக்காலுக்குத் திறந்துவிடும். காற்று வரட்டும் என்பது அவள் சொல்லும் காரணம். எதிர் வீட்டு தேவிப்பிரியாவுக்குக் காலைக் காப்பியோடு பார்க்க ஏதாவது வேண்டும் என்பது ஆண்டவன் செய்த ஏற்பாடு.

அந்த நேரத்தில் ஏரி முழுசாக விழித்திருக்காது. தண்ணீர் எது, பனி எது என்று பிரிக்க முடியாமல் வெள்ளையாகக் கிடக்கும். கரையில் நடக்க வந்தவர்கள் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ளவர்களாக மிதந்து போவார்கள். ஆக்னஸ் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் சட்டையைத் திரையில் விரிப்பாள். அது ஓர் அரக்கனின் சட்டையாக வரும்.

தூக்கக் கலக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இஞ்ச் டேப் வைத்து அளந்ததுதான்.

ஆக்னஸை ஆவடியில் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களோ அவளைப் பற்றி அவளைவிட அதிகமாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். ராணுவத்துக்கு உடுப்பு தைக்கிற ஃபேக்டரியில், துணி வெட்டுகிற பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள். டாங்க் ஃபேக்டரி அழகேசனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, குவார்ட்டர்ஸ் மொத்தத்துக்கும் ஒரு வருடத்துக்கான பேச்சைக் கொடுத்தவள். அந்தப் பேச்சு இன்றைக்கும் அங்கங்கே மிச்சமிருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் மாங்காட்டுக் காமாட்சியிடம் போவார், ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போவாள். சண்டை போட மட்டும் இரண்டு பேரும் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த ஏரிக்கரைக்கு வந்த பிறகு, மண்ணூர்பேட்டை ஜமீலா அவளைத் தேடி வந்தாள். ஜமீலா பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட் வைத்திருப்பவள். "கம்ப்யூட்டர நானே குடுக்குறேன்க்கா. நீ ஊட்லியே குந்திகினு அளவு வரைஞ்சு அனுப்பு" என்றாள். ஆக்னஸ் திரையில் காலர், கை, முதுகு என்று துண்டு துண்டாக வரைந்து அனுப்புவாள். மண்ணூர்பேட்டையில் அதைப் பெரிய காகிதத்தில் அச்செடுத்து, துணிமேல் விரித்து வெட்டுவார்கள்.

இந்த வேலைமேல் ஆக்னஸுக்கு இருந்த பிரியத்தைப் பார்த்து அழகேசனே கொஞ்சம் பொறாமைப்பட்டார் என்று கேள்வி. இருபத்திரண்டு வருடம் ஃபேக்டரிச் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, முந்நூறு பேர் பேசுகிற கூடத்தில் நின்றவள் அவள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையும் ஒரு ஜன்னலும் அவளுக்கென்று தனியாகக் கிடைத்திருந்தன. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம், எதிரில் ஏரி, கையில் டேப். அதை யாராவது பிடுங்கினால் அவள் சும்மா இருக்க மாட்டாள் என்பதுதான் எல்லோருடைய அபிப்பிராயமும்.

பிடுங்குகிற நாளும் வந்தது. அதற்குக் காரணம், பார்க்கப் போனால், ஒரு நல்ல காரியம்.

பழைய மானிட்டர் சின்னதாக இருக்கிறதென்று ஜமீலா ஒரு செவ்வாய்க்கிழமை புதிதாக ஒன்றை அனுப்பினாள். அகலமானது. முழுச் சட்டையும் ஒரே திரையில் விரியும். கொண்டுவந்த பையன்கள் மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். ஆக்னஸ் அன்று முழுவதும் வேலை செய்துவிட்டு, திரைக்கு ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்திவிட்டுப் படுத்தாள்.

புதன்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எழுத்தெல்லாம் வீங்கியிருந்தது. மூலைப் படங்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன. சரி, புது மானிட்டர் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு வேலையைத் திறந்தாள். அந்த சாஃப்ட்வேரில், வரைந்ததை அதன் அசல் அளவிலேயே காட்டுகிற பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திவிட்டு, டேப்பை எடுத்துத் திரையின் மேலேயே வைத்து அளப்பது ஆக்னஸின் பழக்கம். கம்ப்யூட்டர் ஓரத்தில் எழுதிக் காட்டும் எண்ணை அவள் ஒரு மரியாதைக்குப் பார்ப்பாள், அவ்வளவுதான். நம்புவது டேப்பை.

மூன்றாம் வகுப்புப் பையனின் காலரில் பாதி. ஆறு அங்குலம் இருக்க வேண்டும். ஓரத்தில் கம்ப்யூட்டரும் ஆறு என்றுதான் எழுதியிருந்தது. டேப் பதினொன்றேகால் என்றது.

ஒரு பக்கம் வாங்கி இரண்டு வருடமான பெட்டி. இன்னொரு பக்கம் இருபத்திரண்டு வருட டேப். ஆக்னஸ் யோசிக்கவே இல்லை. டேப் ஆறு காட்டும்வரை காலரைக் குறுக்கினாள். காலரைக் குறுக்கியதால் தோளையும், தோளுக்கு ஏற்றபடி மார்பையும், கையையும் குறுக்கினாள். மத்தியானம் அனுப்பியும் விட்டாள்.

மறுநாள் ஜமீலாவின் போன் வந்தது. பின்னால் பத்துத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னாக்கா இது? மூணாங்கிளாஸ் புள்ளைக்குக் கேட்டா, பொம்மைக்குப் போட்டு அனுப்பிகீறே? சாம்பிளு தச்சு தண்ணி கேனுக்கு மாட்டிப் பாத்தேன். கேனுக்கே மூச்சு முட்டுது."

"டேப்பு வச்சு அளந்தேன் ஜமீலா."

"எங்க வச்சு அளந்தே?"

"ஸ்க்ரீன் மேல."

ஜமீலா மிஷின்களை நிறுத்தச் சொல்வது போனில் கேட்டது.

"சாம்பிளோட போச்சு. நானூறு சட்டய வெட்டிட்டு இருந்தா இன்னா ஆகும்?" என்றாள் ஜமீலா. குரலில் கோபத்தைவிட அலுப்பு. "உனக்கு அடுத்த சனிக்கெழம வரைக்கும் டைம். காலைல நானே வரேன். மொத தபா போடும்போதே ஒழுங்கா வரணும், என் கண்ணால பாக்கணும். இல்லாங்காட்டி பொட்டிய எத்துகினு போயி இங்கியே வச்சுக்குறேன். டிப்ளமா படிச்ச பொண்ணு ஒண்ணு கேட்டுகினே கீது. உன்மேல கோவம் இல்லக்கா, ஆனா துணி என்து."

நியாயமான பேச்சு. அதனால்தான் ஆக்னஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தேவிப்பிரியாவுக்கு விஷயம் எப்படிப் போனது என்று கேட்கத் தேவையில்லை. எதிரெதிர்க் கதவு. அவளுடைய கணவன் விக்ரம் கோபிச்செட்டிபாளையத்துப் பையன், ஐ.டி.யில் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. சனிக்கிழமை பத்து மணிக்கு அவனைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். குறுக்கியதையெல்லாம் ஆக்னஸ் பழைய அளவுக்கே திருப்பி வைத்திருந்தாள்; திரையில் அரக்கன் சட்டை அப்படியே விரிந்திருந்தது.

"ஆன்ட்டி, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்ளா?"

"அப்டின்னா?"

விக்ரம் பண்ணினான். பெட்டி அணைந்து தானே திரும்ப எழுந்தது. திரை பளிச்சென்று வந்தது. எழுத்தெல்லாம் எறும்பு எறும்பாக அதனதன் இடத்தில் நின்றது. ஆக்னஸ் டேப்பை வைத்தாள். ஆறு.

"ஒண்ணுமில்லீங்க ஆன்ட்டி. ரெசல்யூஷன் கொறஞ்சு நின்னுருக்குது. கட்டம் போட்ட நோட்டு இருக்குதுங்ளா? சின்னக் கட்டத்துல பத்துக் கட்டத்துக்கு வரைஞ்ச படத்த, பெரிய கட்டம் போட்ட நோட்டுல அதே பத்துக் கட்டத்துக்கு வரைஞ்சா ஊதிப் போயிருமில்லைங்ளா? அந்த மாதிரி. இனி வராதுங்க, ட்ரைவர் புதுசு போட்டுட்டேன்."

ஞாயிறு காலை வந்தது. விக்ரம் வந்து ரீஸ்டார்ட் செய்தான், போய்விட்டது. திங்கள் காலை வந்தது. விக்ரம் தொடர்ந்து நாலு முறை ரீஸ்டார்ட் செய்தான், நாலு முறையும் ஆறு அங்குலம்.

"எங்கிட்ட வர மாட்டேங்குதுங்ளே" என்று சொல்லி, ஆபீஸில் க்ளையன்ட்டைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தான். மரியாதையான பார்வைதான். ஆனால் அதற்கு அர்த்தம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"நீ காலங்காத்தால அரைத் தூக்கத்துல பாக்குறே. கண்ணு டெஸ்ட் பண்ணிக்கலாமா?" என்றார் அழகேசன், ஷிஃப்டுக்கு ஷூ மாட்டிக்கொண்டே.

"எனக்கு அரைத் தூக்கம், சரி. டேப்புக்குமா?"

அழகேசன் ஷூவின் கயிற்றைக் கட்டுவதில் கவனமாகிவிட்டார்.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. அது தேவிப்பிரியாவுக்கே தெரியாது.

தினமும் காலையில் அந்தச் சட்டையைப் பார்த்துப் பார்த்து, ஆக்னஸுக்கு அதைப் போடுகிற பையனும் மெல்லத் தெரிய ஆரம்பித்திருந்தான். சட்டை உயரத்தைவிட அகலத்தில் அதிகமாக ஊதியிருந்ததால் அவன் கொஞ்சம் குண்டு. தலை இந்தக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. ஆனாலும் மூன்றாம் வகுப்பு. அதனால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதே என்ற பயம் அவனுக்கும் உண்டு. சாலையில் போனால் பஸ்ஸை மிதித்துவிடுவோம் என்று ஏரிக்குள் இறங்கி நடப்பான். தண்ணீர் அவன் கணுக்கால்வரைகூட வராது. அவன் கால் வைத்த இடத்தில்தான் அந்தப் பனி கலைந்து கிளம்பும். இடுப்புக்கு மேல் மட்டும் மிதந்து போகிறவர்கள் அவனைப் பார்க்க மாட்டார்கள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு மொபைலைப் பார்த்து நடப்பவர்களுக்கு அரக்கன் போனால் என்ன, ஆட்டோ போனால் என்ன. அவனுக்கு ஒரு காலர் பட்டன் எப்போதும் பிய்ந்திருக்கும். ஆக்னஸ் அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

சங்கு வைத்து அளந்த வாழ்க்கையில் இந்த மாதிரி ஒரு பையனுக்கு இடமிருந்ததில்லை. அவனை ஒழித்தால்தான் ஜன்னல் மிஞ்சும் என்பது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் ஜன்னல் வேண்டும். வியாழக்கிழமை மாலை அழகேசன் அம்பத்தூரிலிருந்து வேம்புலியைக் கூட்டி வந்தார்.

வேம்புலி கம்ப்யூட்டர் மெக்கானிக். பேசிக்கொண்டேதான் வேலை செய்வான். பேச்சு நின்றால் கையும் நின்றுவிடும். வந்ததும் பெட்டியைத் திறந்து வாயால் ஊதினான்.

"யக்கா, உள்ள ஏரிக்கரை மண்ணு மொத்தமும் கீது. அது இன்னா பண்ணும் பாவம்?"

தூசி தட்டினான். ஒயரை மாற்றினான். உள்ளே இருந்த சட்டைப் பித்தான் அளவு பேட்டரியைப் பிடுங்கிப் புதுசு போட்டான். பெட்டியை நிறுத்திப் போட்டான், நிறுத்திப் போட்டான். ஏழு தடவை. மானிட்டர் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஏழு தடவையும் ஆறு அங்குலம்.

"முடிஞ்சுது அண்ணாத்தே. கல்லு மாதிரி கீது."

"நாளிக்குக் காலைல வந்துட்டா?" என்றாள் ஆக்னஸ்.

வேம்புலி திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டே ஒரு முறை கூரையைப் பார்த்தான், ஒரு முறை சுவரில் மாதா படத்தையும் அதற்குப் பக்கத்தில் காமாட்சி படத்தையும் பார்த்தான். "காலைல மட்டும் வருதுன்னா அது என் டிபார்ட்மெண்டு இல்ல யக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை வந்தது.

ஆக்னஸ் டேப்பை எடுக்கவே இல்லை. கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டபடி, அந்தப் பெரிய காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஏரி, உள்ளே அது. எது ஜன்னல், எது திரை என்று கொஞ்ச நேரம் அவளுக்கே நிச்சயமில்லை. நாளைக்கு இந்நேரம் மேசையில் ஒரு செவ்வகத் தூசித் தடம் மட்டும் இருக்கும்.

"ஆன்ட்டி" என்றாள் தேவிப்பிரியா வாசலிலிருந்து. கையில் காப்பி டம்ளர். "நாளைக்கு நெசமாவே எடுத்துட்டுப் போயிருவாங்களாங்க?"

"போவட்டும். எல்லாரும் போட்டா ஒழுங்கா வருது. நான் போட்டா மட்டும் இப்டி. எம்மேல இன்னா கோவமோ அதுக்கு."

தேவிப்பிரியா ஒரு வாய் காப்பி குடித்தாள்.

"நீங்க போடற மாதிரி அவுங்க யாரும் போடலீங்ளே."

"எப்டி?"

"நீங்க வந்து, மொதல்ல கீழ் சுவிட்சப் போட்டு பொட்டிய அமுக்குவீங்க. பொட்டி உம்முனு ஒரு சத்தம் குடுக்கும். அப்புறம் கண்ண மூடிட்டு என்னமோ முணுமுணுங்கறீங்க, மூணு வாட்டி. ரெண்டாவதுல ஒரு கொட்டாவி உடுவீங்க. அப்புறம் சிலுவை போட்டுக்குவீங்க. அப்புறம் அந்தப் பூப்போட்ட துணிய எடுத்து, நாலா மடிச்சு, சேர் மேல வெச்சு, அதுக்கப்புறந்தானுங்க மேல் சுவிட்சு. அப்பத்தான் அந்த மானிட்டருக்கு லைட்டே வருதுங்க."

ஆக்னஸ் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தாள்.

"தெனமும் பாப்பியா?"

"தெனமும் எங்கீங்க ஆன்ட்டி" என்றாள் தேவிப்பிரியா, மனம் புண்பட்டவளாக. "ஞாயித்துக்கெழம பாக்கறதில்ல."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. கொட்டாவி உட்பட. அந்த வரிசை ஆக்னஸின் கையில் இருபத்திரண்டு வருடமாக ஊறியது. ஃபேக்டரியில் வெட்டு மேசைக்கு முதலில் மோட்டார். கத்தி முழு வேகம் எடுக்க மாதாவுக்குரிய அருள் நிறை மந்திரத்தை மூன்று முறை சொல்லுகிற நேரம் ஆகும். கடிகாரம் பார்க்கக் கை ஒழியாது என்று ஆக்னஸ் கண்டுபிடித்த கணக்கு அது. அதற்குப் பிறகுதான் மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு. விளக்கு எரிந்தால் மேசை தயார், எதிரில் நிற்பவர்கள் துணியைத் தள்ளலாம். மாலையில் சங்கு ஊதினால் ஒரு சுவிட்ச் விடாமல் எல்லாம் இறங்கியிருக்க வேண்டும். வீட்டிலும் அப்படியே. இரவு ஒரு சுவிட்ச் ஏறி நின்றால் அவளுக்குத் தூக்கம் வராது.

தேவிப்பிரியா உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். விக்ரம் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு வந்தான். மனைவி சொன்னதைக் கேட்டான். பிரஷ் வாயிலேயே நின்றது.

"அய்யோ ஆன்ட்டி" என்றான், நுரையை விழுங்கியபடி. "பொட்டி முழிச்சதும் மொதல்ல எதிர்ல இருக்கற மானிட்டரத்தான் தேடுங்க. நீ எவ்வளவு பெருசு, எத்தன கட்டம்னு கேக்கும். அந்நேரத்துக்கு இவரு துணியப் போத்திட்டுத் தூங்கிட்டு இருக்கறாரு. கரண்டே இல்ல, எப்புடிப் பதில் சொல்லுவாரு? சரி, ஆளில்லைன்னு அதும்பாட்டுக்கு ஏதோ ஒரு பெரிய கட்டத்துல நின்னுக்குதுங்க. நாங்க வாரப்பெல்லாம் மானிட்டர் எரிஞ்சுட்டே இருந்துச்சு."

"பழைய மானிட்டருக்கு இப்டி ஆவலியே?"

"அது கரண்ட் இல்லீன்னாலும் தூக்கத்துல பேர் சொல்ற ரகமா இருந்திருக்குமுங்க."

எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, மேல் சுவிட்சை முதலில் போட்டார்கள். ஆறு. மறுபடி இறக்கிவிட்டு, ஆக்னஸின் வரிசையில். பதினொன்றேகால். விக்ரம் சட்டென்று க்ளையன்ட்டைப் பார்க்கிற பார்வையை மாற்றிக்கொண்டான். அதைத் தேவிப்பிரியாவும் கவனித்தாள், அவள் எதைத்தான் கவனிக்கவில்லை.

நோய் தெரிந்துவிட்டது. மருந்துதான் கசந்தது.

"மேல் சுவிட்ச எறக்காமயே உட்டுடேன்" என்றார் ஷிஃப்ட் முடிந்து வந்த அழகேசன்.

"நைட்டு பூரா எரியிற சுவிட்ச வச்சுகினு எவளால தூங்க முடியும்?"

"அப்ப மொதல்ல அத்தப் போடு, பொறவு இத்தப் போடு. இதுல இன்னா கஷ்டம்?"

சொல்வதற்கு எளிது. ஆக்னஸ் அன்று பகல் முழுக்கப் பழகிப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு முறையும் கை தானாகக் கீழ் சுவிட்சுக்குத்தான் போனது. மோட்டார் ஓடாத மேசைக்கு விளக்குப் போடுவது, ஒன்றும் தயாராகாமலே எல்லாம் தயார் என்று பொய் சொல்வது போல இருந்தது அவளுக்கு. பத்தில் மூன்று முறைதான் சரியாக வந்தது.

அழகேசன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வெள்ளிக்கிழமை அல்லவா, மாங்காட்டுக்கு. திரும்பி வந்ததும் பொட்டலத்தைப் பிரித்து, மேல் சுவிட்சின் மேல் குங்குமத்தில் ஒரு பொட்டு வைத்தார். "செவப்பப் பாத்தா கை நிக்கும்" என்றார். மாதா படத்துக்கு நேர் கீழே காமாட்சியின் குங்குமம். பொட்டு கொஞ்சம் கோணலாக இருந்ததை மட்டும் ஆக்னஸ் விரலால் சரிசெய்தாள்.

சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு ஜமீலா வந்தாள். கீழே லோடு ஆட்டோ நின்றது. பெட்டியைத் தூக்க இரண்டு ஆள். கைப்பையில் அவளுடைய சொந்த டேப். தைக்கிறவர்கள் அடுத்தவர் டேப்பை நம்ப மாட்டார்கள். எதிர்க் கதவில் தேவிப்பிரியா, அவள் தோளுக்குப் பின்னால் விக்ரம். காற்று வருவதற்கான வழி அன்று சுத்தமாக அடைபட்டிருந்தது.

ஆக்னஸ் மேசைக்கு முன் நின்றாள். கை எழுந்தது. கீழ் சுவிட்சை நோக்கித்தான் போனது. தேவிப்பிரியாவின் காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது. கை சுவிட்சைத் தொட்டது, அழுத்தவில்லை. கண் மேலே போனது. சிவப்பு.

பூப்போட்ட துணியை எடுத்தாள். மேல் சுவிட்சைப் போட்டாள். திரை விழித்தது. எதிரில் யாருமில்லை, சிக்னல் இல்லை என்று எழுதிக் காட்டியது. நீல வெளிச்சத்தோடு காத்திருந்தது. பிறகு கீழ் சுவிட்ச். பெட்டி உம்மென்றது. ஆக்னஸ் கண்ணை மூடி மூன்று முறை சொன்னாள். இன்று கொட்டாவி இல்லை. கண்ணைத் திறந்தபோது பெட்டியும் கண்ணைத் திறந்து, எதிரில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டிருந்தது.

சட்டை சின்னதாக, ஒரு மூன்றாம் வகுப்புப் பையனுக்கு உரியதாக வந்தது. ஜமீலா தன் டேப்பை வைத்தாள்.

"ஆறு" என்றாள். "நிறுத்து. நான் போட்டுப் பாக்குறேன்."

எல்லாம் இறங்கியது. ஜமீலா குனிந்தாள். கீழ் சுவிட்சைத் தட்டினாள், பெட்டியை அமுக்கினாள். இதற்குள் அழகேசன் டீயை நீட்ட, அதை வாங்கி இரண்டு மடக்கு குடித்துவிட்டு, அட, இன்னும் டிவி எரியலையே என்று மேல் சுவிட்சைப் போட்டாள். விக்ரம் வாயைத் திறந்தான். தேவிப்பிரியா அவன் காலை மிதித்தாள்.

திரை முழுக்க அந்தச் சட்டை வந்து நின்றது.

"யா அல்லா" என்றாள் ஜமீலா. டீ தளும்பியது. "யாருக்கா இது?"

"நீ தப்பாப் போட்டே ஜமீலா" என்றாள் ஆக்னஸ். இருபத்திரண்டு வருடம் மேசைக்குத் தலைமாட்டில் நின்றவள் குரல் அது. "மொதல்ல செவப்பு. அது முழிச்ச பொறவுதான் பொட்டி. நடுவுல டீ குடிக்கக் கூடாது."

ஜமீலா சுவிட்சுகளைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள், மறுபடி அரக்கனின் காலரைப் பார்த்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி மெதுவாக மேலே வந்தது.

"எங்க யூனிட்டுப் பசங்க ஒரே தட்டுல எட்டு சுவிட்ச போடுவானுங்கோ. எது மொதல்ல, எது பின்னாலன்னு அங்க எவன் பாப்பான்? இத்த அங்க எத்துகினு போனா, ஆவடி பூரா தண்ணி கேனுக்குச் சட்ட தைக்க வேண்டியதுதான்." டம்ளரை வைத்தாள். "உங்கிட்டியே கெடக்கட்டும்க்கா. திங்கக்கெழம அஞ்சாங்கிளாஸ் அளவு அனுப்பு. ஆறு அங்குலம்னா ஆறு அங்குலம்."

வந்த வண்டி வெறுமனே போகக் கூடாது என்று, பழைய மானிட்டரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை கிடையாது. சர்ச்சுக்கு எட்டு மணிக்குத்தான். ஆறே முக்காலுக்கு ஆக்னஸ் வழக்கம்போல மேசைக்கு முன் வந்து நின்றாள். ஏரியில் பனி இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு சுவிட்சுகளையும் பார்த்தாள்.

கீழ் சுவிட்சைப் போட்டாள். மூன்று முறை சொன்னாள், இரண்டாவதில் கொட்டாவி விட்டாள். துணியை நாலாக மடித்தாள். மேல் சுவிட்சைப் போட்டாள்.

வந்துவிட்டான். பதினொன்றேகால் அங்குலம், குண்டு, நேரமாகிவிட்ட முகம்.

"மறுபடியும் பெருசாயிருச்சுங்ளா ஆன்ட்டி?"

ஞாயிற்றுக்கிழமை பார்க்காதவள் வாசலில் நின்றாள்.

ஆக்னஸ் பக்கத்து நாற்காலியில் இருந்த துணியை எடுத்து இடம் செய்தாள். தேவிப்பிரியா வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். ஏரியின் நடுவில் பனி ஒரு இடத்தில் மட்டும் மெதுவாகக் கலைந்தது. கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் கலைந்தது. அதற்கப்பால் இன்னொன்று.

வெகுநேரம் அவள் காப்பியைத் தொடவில்லை. இந்த விஷயத்தை யாரிடம், எப்படித் தொடங்கிச் சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல்முறை.

"எந்த ஸ்கூலுங்க ஆன்ட்டி?" என்றாள் கடைசியில், தணிந்த குரலில்.

"தெரியல" என்றாள் ஆக்னஸ். "மூணாங்கிளாஸ். பி செக்‌ஷன்."